இருபத்து மூன்றரை நாள்

செவ்வாய்க்கிழமை எங்களை இரண்டு அறைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.
இடப்பக்க அறையில் காபி இருந்தது.
வலப்பக்க அறையில்
கண் துடைக்கும் காகிதப் பெட்டி.
எந்த அறை எதற்கென்று
யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பது வருடம் தலைப்பு வைத்தவள் நான்.
முதல் வரியில் செய்தி இருக்க வேண்டும்.
கடிதமோ "மாறிவரும் ஊடகச் சூழலில்" என்று தொடங்கியது.
மூன்றாம் பத்தியில்தான்
எனக்கு வேலை போனது.
ஃபுர்டாடோவில் ஒரு டாவை விழுங்கியிருந்தார்கள்.
சிவப்புப் பேனாவால் அதைத் திருத்திவிட்டு
பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

விளையாட்டுப் பக்கம் பார்த்த நார்மண்ட்
பவுலிங் பந்துப் பைக்குள் கள்ளிச்செடியை வைத்துக்கொண்டு
லிஃப்டுக்குக் காத்திருந்தான்.
"இடாலியா, உன் லீவு எத்தனை மிச்சம்?"
இருபத்து மூன்றரை.
"விடாதே. இந்த மாநிலத்தில் அதுவும் கூலிதான்."
கதவு மூடும்போது கள்ளி அவன் கையில் குத்தியது.
அன்று நான் கேட்ட ஒரே கெட்ட வார்த்தை அது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது:
எடுக்காத விடுமுறை, புதிய கொள்கைப்படி, காலாவதி.
மிக இனிமையான குரல்.
தயிர் காலாவதியாகும், அம்மணி.
என் தம்பி துவார்த்தே அசோர்ஸில் கல்யாணம் செய்துகொண்டான்.
நான் அந்தப் படத்தை இந்த மேசையில் பார்த்தேன்,
இரண்டு பட்ஜெட் செய்திகளுக்கு நடுவே,
பழக்க தோஷத்தில் ஓரத்தை வெட்டியபடி.
வெட்டிய ஓரத்தில் அம்மா இருந்தாள்.
அது காலாவதியாகவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
பக்கம் அச்சுக்குப் போகும் நேரம் உடம்புக்குத் தெரியும்,
போக எந்தப் பக்கமும் இல்லையென்று தெரியாது.
சமையலறையில் நடக்கிறேன்.
கீழ்வீட்டு பிமெந்தெல் அம்மாள்
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறாள்.
மளிகைக்கடை விளம்பரத் தாளில்
பிழை திருத்துகிறேன். ஏழு பிழை. அதிலும்
கருவாட்டின் விலையில் ஒன்று.

ஒரு நாள் நார்மண்ட் படம் ஒன்று அனுப்பினான், ஒரு சொல்லும் இல்லாமல்:
முதல் பக்கத்தில், நாற்பத்தெட்டு புள்ளி எழுத்தில்,
எங்கள் ஊர்ப் பாலத்தின் பெயரே தப்பு.
வயிறு வலிக்கச் சிரித்தேன்.
பிறகு வலி மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

கோரிக்கைப் படிவத்தில் ஐந்து கோடு விட்டிருந்தார்கள்,
என்ன நடந்தது என்று எழுத.
முதலில் நான்கு பக்கம் எழுதினேன்.
துரோகம் என்பதை வெட்டினேன், ஆதாரம் கேட்பார்கள்.
பனிப்புயலில் மேசைக்கடியில் தூங்கிய இரவை வெட்டினேன்.
நன்றிகெட்ட என்ற சொல்லை வெட்டி, மறுபடி சேர்த்து,
மறுபடி வெட்டினேன்.
மிஞ்சியது:
இருபத்து மூன்றரை நாள். வேலை செய்தேன். தரவில்லை.
இரண்டு கோடு காலியாகவே இருந்தது.
என் வாழ்நாளில் வைத்த நல்ல தலைப்பு அதுதான்.

ஏப்ரலில் காசோலை வந்தது.
பெயரில் எல்லா எழுத்தும் இருந்தது.
இருபத்து மூன்று நாளுக்கு.
முழு நாட்களாகக் கணக்கிடுவது வழக்கமாம்.

அந்த அரை நாள், கேளுங்கள்,
பல் பிடுங்க எடுத்தது.
ஊசி போட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால்
ஆற்றங்கரைப் பக்கம் பழைய பஞ்சாலை எரிகிறது.
வீட்டுக்குப் போகவில்லை.
பாதி வாய் மரத்து, எச்சில் வடிய,
பேச்சு வராமல் தலைப்பைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.
"இந்த அரை நாளை உன் கணக்கில் திருப்பி எழுதிக்கொள்"
என்றார் ஆசிரியர். எழுதிக்கொண்டேன்.

காசோலையை வங்கியில் போட்டுவிட்டேன்.
வாடகை காத்திருக்காது.
பிறகு இன்னொரு படிவம் எடுத்து
அதே ஐந்து கோட்டில், முதல் வரியிலேயே:
அரை நாள் பாக்கி.